பழைய மீன்கள் நலம்... புது மீன்கள் மட்டும் ஏன் சாகின்றன?

ஞாயிற்றுக்கிழமை மாலை வாங்கி வந்த நான்கு ஏஞ்சல் மீன்களில் முதல் மீன் செவ்வாய்க்கிழமை காலை மிதந்தது. புதன்கிழமை இன்னொன்று. வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்த மகள், புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டியிடம் போய் நின்றாள். மூன்றாவது மீன் ஃபில்டர் ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. நான்காவது எங்கே என்று தேடிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

"வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கிச்சு, விடும்மா" என்றார் பாட்டி. அப்பாவுக்குக் கோபமெல்லாம் கடைக்காரர் மீது. "நோய் மீனைத் தலையில கட்டிட்டான்" என்றார். அம்மாவுக்கு மட்டும் ஒரு குழப்பம். அதே தொட்டியில் இரண்டு வருடமாக இருக்கும் கௌராமி ஜோடி ஒரு குறையும் இல்லாமல் நீந்திக்கொண்டிருக்கிறது. தண்ணீர் கெட்டிருந்தால் அவையல்லவா முதலில் செத்திருக்க வேண்டும்?

மீன் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விதான் இது. ஆனால், பழைய மீன்கள் உயிரோடு இருப்பது தண்ணீர் நன்றாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது. தண்ணீர் மெதுவாகக் கெட்டிருந்தாலும் அவை உயிரோடு இருக்கும். அடுப்பில் மிளகாய் வறுபடும்போது சமையலறையிலேயே நிற்பவருக்கு நெடி அவ்வளவாகத் தெரியாது. வெளியிலிருந்து வருபவர்தான் தும்மித் தள்ளுவார். ஏறக்குறைய அந்தக் கதைதான்.

அந்த வீட்டுத் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். அடியில் கிடக்கும் கல் போக ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கடைசியாகத் தண்ணீர் மாற்றியது தீபாவளிக்கு. இப்போது சித்திரை. நடுவில் தண்ணீர் குறையும்போதெல்லாம் ஒன்றிரண்டு மக் போர் தண்ணீரை ஊற்றியதோடு சரி. "தண்ணிதான் கண்ணாடி மாதிரி இருக்கே!" என்பது அப்பாவின் கட்சி.

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் உப்பும் எங்கும் போகாது. மேலே ஊற்றும் ஒவ்வொரு மக் போர் தண்ணீரும் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். கண்ணாடியின் மேல் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்குமே ஒரு கோடு, அது இந்தக் கணக்கின் ரசீது. ஆர்.ஓ. தண்ணீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அதைத் தொட்டியில் முக்கினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அந்த வீட்டில் போர் தண்ணீர் 900 காட்டியது. தொட்டித் தண்ணீர் 1,600. மறுநாள் கடைக்கே எடுத்துப் போய் அங்கிருந்த ஏஞ்சல் தொட்டியில் முக்கியபோது 400.

"சார், வீட்ல என்ன தண்ணி ஊத்துறீங்க?" என்று கடைக்காரர் கேட்ட முதல் கேள்விக்கு அப்பாவிடம் பதில் இருந்தது. "எப்போ மாத்துனீங்க?" என்ற இரண்டாவது கேள்விக்கு அவர் மகளைப் பார்த்தார்.

400-லிருந்து 1,600-க்குத் திடீரென்று போவது மீனுக்கு என்ன செய்யும்? நன்னீர் மீனின் உடலில் உள்ள உப்பு, சுற்றியிருக்கும் தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். அதனால் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீர் ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். இந்த வரவு செலவு, மீன் பழகிய தண்ணீருக்கு ஏற்ப அமைந்திருப்பது. தண்ணீர் மாறினால் உடல் முழுவதும் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குச் சில நாட்கள் தேவை. அந்த அவகாசம் கிடைக்காத மீன் உடனே சாவதில்லை. முதல் நாள் நன்றாக நீந்தும், இரண்டாம் நாள் மூலையில் ஒதுங்கும், மூன்றாம் நாள் மிதக்கும். உடனே சாகாததால்தான் யாரும் தண்ணீரைச் சந்தேகிப்பதில்லை.

கௌராமிகள் இதே 1,600-க்கு ஆறு மாதத்தில் படிப்படியாக வந்து சேர்ந்தவை. அவற்றுக்கு இன்னொரு வசதியும் உண்டு. மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்கிச் சுவாசிக்கும் தனி உறுப்பு கௌராமிக்கும் ஃபைட்டருக்கும் இருக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளித்துக்கொள்ளும். ஏஞ்சலுக்கு அது இல்லை.

உப்பு மட்டும் அல்ல. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், மிச்சமாகி அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா வெளியாகிறது. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் கொடிய நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை என்றாலும், தண்ணீரை மாற்றாவிட்டால் சேர்ந்துகொண்டே போகும். பழைய தொட்டி என்றால் இந்த பாக்டீரியாக் கூட்டம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது என்று பொருள். புதிய தொட்டியில் அது உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆனால், அந்தக் கூட்டத்தின் அளவு இருக்கிற மீன்களுக்குத்தான் சரியாக இருக்கும். இரண்டு பேருக்குச் சமைத்த சோற்றுக்கு ஆறு பேர் உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் ஒரே நாளில் நான்கு மீன்களைச் சேர்ப்பதும். பாக்டீரியா பெருகி ஈடுகொடுப்பதற்குள் அம்மோனியா ஏறிவிடும்.

கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ மட்டும் ஊற்றும் வீடுகளில் சிக்கல் வேறு விதம். பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும் வேலையில் அமிலம் உண்டாகிறது. போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு அதைச் சமன்செய்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் சமன்செய்ய ஒன்றுமே இல்லை. பி.எச். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒரு கட்டத்தில் பாக்டீரியாவே மந்தமாகி, அம்மோனியா தேங்க ஆரம்பிக்கும். அமிலத் தண்ணீரில் அந்த அம்மோனியா பெரும்பாலும் நஞ்சு குறைந்த வடிவில் இருப்பதால் பழைய மீன்கள் தாக்குப்பிடிக்கும். இந்த நிலையில், "புது மீன் வருது, தொட்டியைச் சுத்தம் பண்ணிடலாம்" என்று பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால்தான் ஆபத்து. பி.எச். ஒரு எண் ஏறினாலே நஞ்சு வடிவ அம்மோனியா ஏறக்குறைய பத்து மடங்காகும். சுத்தம் செய்த அன்று பழைய மீன்களும் சேர்ந்து சாவது இப்படித்தான்.

ஆகவே எந்தத் தண்ணீராக இருந்தாலும் அவசரத் திருத்தம் கூடாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை 10 சதவிகிதம், அதாவது அந்த 50 லிட்டர் தொட்டிக்கு 5 லிட்டர், இப்படி இரண்டு மூன்று வாரம் மாற்றிக்கொண்டே வர வேண்டும். பழைய மீன்களும் பதறாது. குழாயில் வருவது மெட்ரோ தண்ணீராக இருந்தால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வைக்க வேண்டும், அல்லது கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டுகளை விட வேண்டும். அந்த வீட்டில் போர் தண்ணீரோடு ஆர்.ஓ. தண்ணீரைச் சம அளவு கலந்து ஊற்றினார்கள். மூன்று வாரத்தில் மீட்டர் ஆயிரத்து இருநூறுக்குக் கீழே வந்தது. பிறகும் வாரா வாரம் தொடர்ந்தார்கள்.

இன்னொரு பக்கம், அளவுக்கு மீறிச் சுத்தம் பார்ப்பவர்கள். மாதம் ஒருமுறை மீன்களை வாளிக்கு மாற்றி, மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல்லைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயப்போட்டு, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து வைக்கும் வீடுகள் எத்தனையோ. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் பாக்டீரியாக் குடியிருப்பு மொத்தமும் போய்விட்டது. அது பழைய தொட்டியே அல்ல, மாதாமாதம் பிறக்கும் புதிய தொட்டி. ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை அலசினால் போதும்.

மீன் வாங்குகிற இடத்தில் பத்து நிமிடம் சும்மா நின்று பார்ப்பது, கொடுக்கும் காசுக்குச் சமம். சென்னை கொளத்தூர் மாதிரி வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் முதல் கடையிலேயே கவரைக் கட்டச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஒரு மீன் செத்துக் கிடக்கும் தொட்டியிலிருந்து எவ்வளவு அழகான மீன் என்றாலும் வேண்டாம். வால், துடுப்புகளை விரிக்காமல் ஒடுக்கி வைத்திருப்பது, கல்லில் உடம்பை உரசுவது, செவுள் வேகமாக அடிப்பது எல்லாம் நோயின் அறிகுறிகள். "அண்ணே, கொஞ்சம் தீனி போடுங்க, பார்க்கிறேன்" என்று கேட்கலாம். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். "இது எப்போ வந்த லோடு?" என்றும் கேட்க வேண்டும். நேற்று வந்த மீனைவிட, ஒரு வாரம் அந்தக் கடையிலேயே இருந்து சாப்பிடும் மீன் மேல்.

யாரோடு யார் என்பதும் முக்கியம். நியான் டெட்ரா ஆறுக்குக் குறையாமல் இருந்தால்தான் தைரியமாகத் திரியும். டைகர் பார்ப், ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கடித்துக் குதறும். ஃப்ளவர்ஹார்னைத் தனியாக வைப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. 2 அடித் தொட்டியில் நான்கு ஏஞ்சல் அதிகம், அவை ஐந்து ரூபாய் நாணய அளவிலேயே இருந்துவிடப் போவதில்லை. இதைக் கடைக்காரர் முதல் தடவையே சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது தடவை போனபோது அப்பா ஒரே ஒரு ஏஞ்சலைத்தான் வாங்கினார். காரணம், நான்காவது மீன் சாகவில்லை. ஃபில்டருக்குப் பின்னால், செடி மறைவில் ஒட்டிக்கொண்டு கிடந்ததை அம்மாதான் சனிக்கிழமை கண்டுபிடித்தார். தண்ணீர் சரியாகச் சரியாக அதுவும் நிறம் தேறி முன்னால் வந்துவிட்டது.

கடையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வீடு வந்துவிடுமென்றால் பயணம் பெரிய விஷயமில்லை. கவரை ஒரு துணிப்பையில் வைத்து வெயில் படாமல் கொண்டுவந்தால் போதும். வண்டி ஹேண்டிலில் தொங்கவிட்டு மே மாத வெயிலில் வருவதுதான் கூடாது. வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, கட்டிய கவரை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். 20 நிமிடத்தில் இரண்டு தண்ணீரின் வெப்பமும் ஒன்றாகும். பிறகு கவரைத் திறந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அரை டம்ளர் தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டே வர வேண்டும். கவர்த் தண்ணீர் இரண்டு மடங்கானதும் மீனை மட்டும் வலையால் எடுத்து விடலாம். கவர்த் தண்ணீரைத் தொட்டியில் கொட்டக் கூடாது, கடையின் கிருமிகளும் மீனின் கழிவும் அதில்தான் இருக்கின்றன.

பார்சலில் வரும் மீனுக்கு இந்த முறை பொருந்தாது. ஆக்சிஜன் நிரப்பிய கவரில் இரவு முழுவதும் பயணம் செய்யும் மீன், கரியமில வாயுவை வெளியிட்டுக்கொண்டே வருகிறது. அதனால் கவருக்குள் பி.எச். இறங்கி, அங்கு சேர்ந்த அம்மோனியா நஞ்சு குறைந்த வடிவில் இருக்கும். கவரைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அம்மோனியா மீனைச் சுடத் தொடங்கும். அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் அரை டம்ளர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் மீன் நஞ்சில் ஊறிக்கொண்டிருக்கும். வெப்பம் சமமாகும் வரை கவரை மூடியே வைத்து, திறந்த உடனே மீனை எடுத்துத் தயாராக வைத்திருக்கும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அந்தத் தண்ணீரின் டி.டி.எஸ்., அனுப்புபவர் வைத்திருந்த தண்ணீருக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். போனில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

மீனை விடும் அந்த முதல் தண்ணீர், கடை மீனோ பார்சல் மீனோ, பெரிய தொட்டியாக இல்லாமல் தனியாக வைத்த ஒரு டப்பாக இருப்பதுதான் சரி. 20 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு ஏர் பம்ப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மேலே மூட ஒரு வலை. அந்த ஸ்பாஞ்சை மூன்று நான்கு வாரம் முன்பே பெரிய தொட்டியில் ஓடவிட்டால் பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். முதல் நாள் கடைத் தண்ணீருக்கு நெருக்கமான தண்ணீர். பிறகு வீட்டுத் தொட்டித் தண்ணீரை ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு லிட்டர் என்று மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரத்தில் செய்ய முடியாத பழக்கத்தை இரண்டு மூன்று வாரத்தில் செய்துவிடலாம்.

நோய்க்கும் இந்தக் காத்திருப்புதான் வேலி. உடம்பில் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளி வருமே, அது ஓர் ஒட்டுண்ணியின் வேலை. தோலுக்கு அடியில் வளர்ந்து, முதிர்ந்ததும் உதிர்ந்து தொட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அங்கே நூற்றுக்கணக்காகப் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தக் கிளம்பும். மருந்து வேலை செய்வது அது நீந்தும் அந்தக் கட்டத்தில் மட்டும்தான். தோலுக்கு அடியில் இருக்கும்போது மருந்து அண்டாது. புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துபவர்கள் அடுத்த வாரம் இன்னும் அதிகப் புள்ளிகளைப் பார்ப்பது இதனால்தான். நம் ஊர் வெப்பத்தில் இந்தச் சுற்று ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இரண்டு வாரம் தனியே வைத்தால் ஒளிந்து வந்தது வெளியே தெரிந்துவிடும், மூன்று நான்கு வாரம் வைத்தால் இன்னும் நிம்மதி. ஒரு டப்பும் பம்பும் வாங்கும் செலவைப் பார்த்துத் தயங்குபவர்கள், இரண்டு வருடம் வளர்த்த மீன்கள் ஒரே வாரத்தில் போன வீட்டைப் பார்த்ததில்லை.

டப்பில் இருக்கும் மீன் முதல் நாள் சாப்பிடாவிட்டால் கவலை வேண்டாம். நிறம் வெளிறியிருப்பதும் இயல்புதான். இரண்டாம் நாள் சிட்டிகை தீனி போட்டு, ஐந்து நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும். குழந்தைகள் கண்ணாடியைத் தட்டாமல் இருக்க வேண்டும். அந்த வீட்டில் இதற்கு டப்பின் மேல் ஒரு பழைய துண்டைப் போர்த்தி வைத்தார் பாட்டி. "புதுசா வந்ததைச் சும்மா சும்மா எட்டிப் பார்க்காதீங்க" என்று அதற்கு ஒரு உத்தரவும் போட்டார்.

மூன்றாவது வாரம் பெரிய தொட்டிக்கு மாற்றும் நாள். இங்கே தண்ணீர்ப் பிரச்னை தீர்ந்துவிட்டது, இனி ஆட்கள் பிரச்னை. பழைய மீன்களுக்குத் தொட்டியின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பட்டா இருக்கிறது. அந்தப் பட்டாவை ரத்து செய்ய எளிய வழி, கல், மரக்கட்டை, செடிகளை இடம் மாற்றி வைப்பது. எல்லோருக்குமே இடம் புதிதாகிவிட்டால் வந்தவனைத் துரத்த நேரம் இருக்காது. பழைய மீன்களுக்கு முதலில் தீனி போட்டு வயிற்றை நிரப்பிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, மாலையில் விடுவது நல்லது. வலையில் மீனை வெகுநேரம் துள்ளவிடக் கூடாது. தோலில் காயம் பட்டால் சில மீன் இனங்களில் ஒரு ரசாயனம் தண்ணீரில் கலந்து, கூட இருக்கும் மீன்களை மிரளவைக்கிறது. தேனீக்களின் நடனத்தைப் படித்தறிந்து 1973-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் ஃபான் ஃப்ரிஷ், 1938-ல் மின்னோ என்ற சிறு மீன்களிடம் கண்டுபிடித்தது இது. டெட்ராவும் தங்க மீனும் அந்த உறவுக்காரர்கள்தான்.

அடுத்த ஒரு வாரம் தீனியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். காட்டாவிட்டால், அல்லது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், அன்றே கால் பங்குத் தண்ணீரை அதே வெப்பத்தில் உள்ள, குளோரின் இல்லாத தண்ணீரால் மாற்றி, ஏர் பம்பைக் கூட்ட வேண்டும். கௌராமி மேலே வந்து போவது மட்டும் அதன் வழக்கம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

எவ்வளவு செய்தும் ஒத்துப்போகாத மீன்கள் உண்டு. வால் கிழிகிற அளவுக்குச் சண்டை என்றால் பிரிக்கத்தான் வேண்டும். கடைக்காரரிடமோ, மீன் வளர்க்கும் வேறு வீட்டிலோ கொடுத்துவிடலாம். ஏரியிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விடுவது மட்டும் புண்ணியம் அல்ல. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீன், ஓர் அடிக்கு மேல் வளர்ந்ததும் அப்படி விடப்பட்டுத்தான் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, வலையில் நாட்டு மீன்களுக்குப் பதிலாகச் சிக்கிக்கொண்டிருக்கிறது.

அந்த வீட்டில் புது ஏஞ்சலைத் துரத்தியது கௌராமிகள் அல்ல. செடி மறைவில் ஒளிந்து உயிர் பிழைத்ததே, அந்த நான்காவது ஏஞ்சல்தான். முதல் மூன்று நாள் புதியவனை ஃபில்டர் பக்கமே வரவிடவில்லை. "இதுக்கு வந்த திமிரைப் பாரேன்!" என்று மகள் மரக்கட்டையை இடமிருந்து வலத்துக்கு மாற்றி வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தீனி டப்பாவை எடுத்தபோது, முன் கண்ணாடியில் நான்கும் வரிசையாக வந்து நின்றன. பாட்டிதான் முதலில் எண்ணினார்.